பர்மாவில் காத்திருந்த பாதிரியார்

அமெரிக்காவில் இருந்து பர்மாவுக்கு ஒரு பாதிரியார் போனார். அங்கே ஆறு வருடம் மதப் பிரசாரம் செய்தார். ஆறு வருடத்தில் அவர் பேச்சைக் கேட்டு ஒரே ஒரு பர்மியர்கூட மனம் மாறவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி இருப்பார். அவர் திரும்பவில்லை.

அவர் பெயர் அடோனிராம் ஜட்சன். பர்மா இன்று மியான்மர் என்று அழைக்கப்படுகிறது. அந்த நாட்டுக் கிறிஸ்தவர்கள் இன்றும் படிக்கும் பர்மிய மொழி பைபிள், அவர் மொழிபெயர்த்ததுதான். அதைச் செய்து முடிக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

மூன்று வயதில் படித்தார்

1788-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள மால்டன் என்ற ஊரில் ஜட்சன் பிறந்தார். தந்தையும் பாதிரியார். ஒரு முறை தந்தை வெளியூர் போயிருந்த சமயத்தில், தாயார் மூன்று வயதுப் பையனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். தந்தை திரும்பி வந்ததும் பையன் பைபிளில் ஒரு அதிகாரத்தைப் படித்துக் காட்டினான். தந்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்லூரியில் முதல் மாணவராகத் தேறினார். ஆனால் அங்கே ஜேக்கப் ஈம்ஸ் என்ற நண்பரின் சிநேகம் ஏற்பட்டது. ஈம்ஸ் மகா புத்திசாலி. உலகத்தைப் படைத்த கடவுள் மனிதர்களின் காரியத்தில் தலையிடுவதே இல்லை, வேதம் எல்லாம் மனிதன் எழுதியது என்று வாதாடுவார். ஜட்சனும் அப்படியே ஆகிவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது தந்தை வாதாடிப் பார்த்தார். தாயார் அழுதார். பையன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். நியூயார்க்கில் ஒரு நாடகக் கோஷ்டியோடு சில காலம் சுற்றினான்.

ஊர் திரும்பும் வழியில் ஓர் இரவு ஒரு விடுதியில் தங்க நேர்ந்தது. பக்கத்து அறையில் ஒரு வாலிபர் சாகக் கிடந்தார். இரவு முழுவதும் முனகல் சத்தம். ஜட்சனுக்குத் தூக்கம் வரவில்லை. சாகப் போகும் அந்த மனிதனின் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்தார். இப்படிப் பயப்படுவது ஈம்ஸுக்குத் தெரிந்தால் சிரிப்பானே என்றும் நினைத்துக்கொண்டார்.

காலையில் விசாரித்தார். அந்த வாலிபர் இறந்துவிட்டார். பெயர் கேட்டார். ஜேக்கப் ஈம்ஸ் என்றார்கள்!

ஜட்சன் வீட்டுக்குத் திரும்பினார். 1808-ல் ஆண்டோவர் நகரில் வேத சாஸ்திரப் பள்ளியில் சேர்ந்தார். சந்தேகங்கள் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. சில மாதம் ஆயிற்று. அதன்பிறகு, கீழ்நாடுகளுக்குப் போய் ஊழியம் செய்வது என்று முடிவு செய்தார்.

சென்னையில் ஏறிய கப்பல்

1812-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி கல்யாணம். மணப்பெண் பெயர் ஆன். வயது 22. அழகும் படிப்பும் துணிச்சலும் உள்ளவர். கல்யாணம் நடந்து இரண்டு வாரத்தில் இருவரும் கப்பல் ஏறினார்கள். திரும்பி வருவோம் என்ற நிச்சயம் கிடையாது.

நான்கு மாதம் கடலில் கழித்துக் கல்கத்தாவில் இறங்கினார்கள். அப்போது அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி. வியாபாரம் கெட்டுவிடும் என்று மிஷனரிகளைக் கம்பெனிக்காரர்கள் விரும்பவில்லை. உடனே வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தம்பதிகள் மொரீசியஸ் தீவுக்குப் போனார்கள். கூட அமெரிக்காவில் இருந்து வந்த 19 வயதுத் தோழி ஹாரியட் அங்கே முன்பே இறந்து போயிருந்தார். அவருடைய பச்சைக் குழந்தையும் இறந்துவிட்டது.

அங்கிருந்து 1813 ஜூன் மாதம் சென்னைக்கு வந்தார்கள். இங்கேயும் கம்பெனி ஆட்சிதான். அதிகாரிகள் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். துறைமுகத்தில் விசாரித்தால், சீக்கிரம் புறப்படும் கப்பல் ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு ஓட்டைக் கப்பல். போகும் இடம் ரங்கூன்.

பர்மா மன்னரின் ஆட்சி கொடுமையானது என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். போக வேண்டாம் என்று பலரும் தடுத்தார்கள். ஆனால் வேறு கதவு எதுவும் திறக்கவில்லை. ஏறினார்கள். கடலில் ஆன் அம்மையாருக்கு முதல் குழந்தை பிறந்தது. இறந்தே பிறந்தது. ஜூலை 13-ந் தேதி ரங்கூனில் இறங்கும்போது அம்மையாருக்கு நடக்கச் சக்தி இல்லை.

அகராதியும் இல்லை, இலக்கணமும் இல்லை

பாஷை தெரியாமல் என்ன பிரசாரம் செய்வது? ஒரு பர்மிய ஆசிரியரை வைத்துக்கொண்டார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டி அதன் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். புத்தகங்கள் எல்லாம் ஓலைச் சுவடி. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. நம் ஊர் ஏடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதே புரியாது.

காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை இதே வேலை. மூன்று வருடம் இப்படிப் போயிற்று. இடையில் ஒரு மகன் பிறந்தான். எட்டு மாதத்தில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டான். வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தார்கள்.

அமெரிக்காவில் பணம் கொடுத்தவர்கள் இன்னும் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜட்சன் எழுதிய பதிலில் ஒரு ஆள் கணக்கும் இல்லை. பொறுமையாக இருங்கள், கடவுள் வாக்குத் தவறமாட்டார் என்ற பொருளில்தான் எழுதினார்.

கணவர் எங்கே?

1817-ல் மத்தேயு சுவிசேஷம் பர்மிய மொழியில் அச்சாயிற்று. அந்த டிசம்பரில் ஜட்சன் சிட்டகாங்குக்குப் புறப்பட்டார். பர்மிய மொழி பேசும் கிறிஸ்தவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். ஒருவரை அழைத்து வந்தால் பிரசாரத்துக்கு உதவியாக இருக்கும் என்பது எண்ணம். பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம்.

காற்று எதிராக அடித்தது. கப்பல் சிட்டகாங்கை அடையவே இல்லை. வங்கக் கடலில் வாரக்கணக்கில் அலைந்தது. சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்தன. ஜட்சனுக்குக் காய்ச்சல் கண்டது. கடைசியில் ஆந்திரக் கரையில் உள்ள மசூலிப்பட்டினத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். ரங்கூன் கப்பல் தேடி அங்கிருந்து தரை வழியாகச் சென்னைக்கு வந்தார். சென்னையிலும் கப்பல் இல்லை. ஏப்ரல் முதல் ஜூலைவரை காத்துக்கிடந்தார்.

ரங்கூனில் ஆன் அம்மையாரின் நிலைமை அதைவிட மோசம். கணவர் போன கப்பல் சிட்டகாங்குக்கு வரவே இல்லை என்று சேதி வந்தது. உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? ஒன்றும் தெரியாது. ஊரில் காலரா பரவியது. பகலும் இரவும் சாவு மேளம். இங்கிலீஷ்காரர்களோடு சண்டை வரப்போகிறது என்ற வதந்தி வேறு. கப்பல்கள் ஒவ்வொன்றாகத் துறைமுகத்தை விட்டு ஓடின. அச்சு வேலைக்கு வந்திருந்த அமெரிக்கர் ஹப் என்பவரும் குடும்பத்தோடு கிளம்பினார். அம்மையாரையும் வற்புறுத்திக் கப்பலில் ஏற்றிவிட்டார்.

ஏறிய பிறகு அம்மையாரின் மனம் கேட்கவில்லை. கணவர் வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்குமே! கப்பல் ஆற்றில் தாமதப்பட்டு நின்றது. அவர் சாமான்களோடு இறங்கித் தனியாக வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மறுபடியும் பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சில வாரங்களில், ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், ஜட்சன் வந்து சேர்ந்தார். எட்டு மாதம் வீணாகிவிட்டது. அழைத்து வரப் போன ஆளும் வரவில்லை. ஆனால் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முதல் ஆள் வந்தார்

மறு வருடம், 1819 ஏப்ரலில், புத்தர் கோவிலுக்குப் போகும் சாலை ஓரத்தில் ஜட்சன் மூங்கிலும் கூரையுமாக ஒரு மண்டபம் கட்டினார். பர்மாவில் வழிப்போக்கர் தங்கவும் தர்ம உபதேசம் கேட்கவும் இப்படி மண்டபங்கள் உண்டு. அங்கே உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களோடு பேசினார்.

மவுங் நௌ என்ற கூலித் தொழிலாளி வந்தார். வயது 35 இருக்கும். அதிகம் பேசமாட்டார். தினமும் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். 1819 ஜூன் 27-ந் தேதி ஒரு குளத்தில் அவருக்கு ஜட்சன் ஞானஸ்நானம் கொடுத்தார். குளக்கரையில் பிரம்மாண்டமான புத்தர் சிலை ஒன்று இருந்தது. ரங்கூனுக்கு வந்து ஆறு வருடம் முடிய இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி!

அந்த வருடக் கடைசிக்குள் இன்னும் இருவர் சேர்ந்தார்கள். மதம் மாறினால் மன்னரின் தண்டனை வருமே என்ற பயம் மற்றவர்களைத் தடுத்தது. ஆகவே மன்னரையே பார்த்து அனுமதி கேட்க ஜட்சன் போனார். தங்கத் தகடு ஒட்டிய பைபிளைக் காணிக்கையாகக் கொண்டுபோனார். மன்னர் பாஜிடோ, ஜட்சன் கொடுத்த காகிதத்தைக் கொஞ்சம் படித்தார். கீழே நழுவவிட்டார். அவ்வளவுதான், பேட்டி முடிந்தது.

மனம் உடைந்த ஜட்சன் ரங்கூனை விட்டே போய்விடலாமா என்று யோசித்தார். போகக்கூடாது என்று தடுத்தவர்கள் யார் தெரியுமா? அந்த மூன்று பர்மியர்கள்தான். எட்டுப் பத்துப் பேர் சேரும்வரையாவது இருங்கள், பிறகு எங்களில் ஒருவரைத் தலைவராக வைத்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினார்கள். ஜட்சன் தங்கினார். இரண்டு வருடத்தில் 18 பேர் ஆனார்கள்.

மரணச் சிறை

1823-ல் புதிய ஏற்பாடு முழுவதும் பர்மிய மொழியில் எழுதி முடிந்தது. ஜட்சனும் மனைவியும் தலைநகரான ஆவாவுக்குக் குடிபோனார்கள். மறு வருடம் இங்கிலீஷ்காரர்களுக்கும் பர்மாவுக்கும் யுத்தம் மூண்டது. வெள்ளைக்காரர் எல்லாரும் ஒற்றர்கள் என்று அரசாங்கம் முடிவு கட்டியது.

1824 ஜூன் 8-ந் தேதி. சாப்பாட்டு நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கன்னத்தில் குற்றவாளிகளுக்கு உரிய சூடு போட்ட ஒருவன் ஜட்சனைத் தரையில் தள்ளிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். அவர் கொண்டுபோகப்பட்ட ஜெயிலுக்கு மக்கள் வைத்த பெயர் மரணச் சிறை.

ஜன்னல் இல்லாத கொட்டடி. தலைவலிக்கும் நாற்றம். காலில் மூன்று ஜோடி விலங்கு. ராத்திரி ஆனால் கைதிகளின் கால்களுக்கு இடையே ஒரு நீண்ட மூங்கிலைச் செருகி மேலே தூக்குவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் படும். அப்படியே தூங்க வேண்டும். தினமும் பிற்பகல் மூன்று மணி ஆனால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கொலைக்களத்துக்கு ஆள் கொண்டுபோகும் நேரம் அதுதான். இன்று யார்? யாருக்கும் தெரியாது. தன் முறை வரவில்லை என்றால் நாளை மூன்று மணிவரை உயிர் இருக்கும்.

ஜெயிலில் சோறு போடமாட்டார்கள். வீட்டார் கொண்டுவந்தால்தான் உண்டு. ஆன் அம்மையார் அப்போது கர்ப்பிணி. அதிகாரிகளின் வீடு வீடாக நடந்து கெஞ்சினார். லஞ்சம் கொடுத்தார். சாப்பாடு கொண்டுபோனார். ஒரு நாள், ஊர்ப் பலகாரம் மாதிரி ஏதாவது செய்து கணவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று எருமை இறைச்சியும் வாழைப்பழமும் வைத்து ஒரு பணியாரம் சுட்டு அனுப்பினார். அதைப் பார்த்ததும் ஜட்சனுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதார். பலகாரத்தைத் தொடவில்லை.

1825 ஜனவரியில் மகள் மரியா பிறந்தாள். 20 நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் ஜெயில் வாசலுக்கு வந்தார். விலங்கோடு தவழ்ந்து வந்து தந்தை மகளைப் பார்த்தார்.

பழைய தலையணை

புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதி என்ன ஆயிற்று? அது ஒன்றுதான் பிரதி. பத்து வருட உழைப்பு.

ஆன் அம்மையார் முதலில் அதை வீட்டுக்கு அடியில் புதைத்தார். மழைக்காலம் வந்தது. மண்ணில் இருந்தால் மக்கிவிடும். எடுத்துப் பஞ்சோடு சேர்த்துச் சுருட்டி ஒரு தலையணையாகத் தைத்து ஜெயிலுக்குக் கொடுத்தனுப்பினார். யாரும் ஆசைப்படக்கூடாது என்று கட்டை மாதிரி கடினமாக, அழுக்காகத் தைத்திருந்தார். வேதத்தின் மேல் தலை வைத்து ஜட்சன் படுத்தார்.

அப்படியும் ஒரு காவலாளி அதைப் பிடுங்கிக்கொண்டான். அம்மையார் நல்ல தலையணை ஒன்றைக் கொடுத்துப் பழையதை மீட்டார். இந்த வெள்ளைக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று அவன் நினைத்திருப்பான்!

பிறகு மே மாதம், கொதிக்கும் மணலில் வெறுங்காலோடு கைதிகளை வேறு ஊர்ச் சிறைக்கு நடத்திப் போனார்கள். வழியில் ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தார். கிளம்பும் நேரத்தில் ஜட்சனிடம் இருந்ததை எல்லாம் காவலாளிகள் பறித்துக்கொண்டார்கள். தலையணையின் மேல் உறையைக் கிழித்து எடுத்துக்கொண்டு உள்ளே இருந்த பஞ்சுச் சுருளைக் குப்பை என்று வீசிவிட்டார்கள்.

ஜட்சனைப் பொறுத்தவரை அந்த நூல் போனது போனதுதான்.

புதிய சிறை அவுங்பென்லா என்ற கிராமத்தில். அங்கே அவர்களை உயிரோடு எரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அவர்களைப் பலி கொடுக்கத் திட்டம் போட்ட தளபதியையே ராஜத் துரோகக் குற்றம் சாட்டி மன்னர் கொன்றுவிட்டார். அதனால் தப்பினார்கள். ஆன் அம்மையார் கைக்குழந்தையோடு அங்கேயும் வந்தார். வந்தவர் நோயில் படுத்துவிட்டார். தாய்ப்பால் வற்றிவிட்டது. குழந்தை பசியில் வீரிட்டது. காவலாளிகளுக்குக் காசு கொடுத்து, விலங்குக் காலோடு ஜட்சன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிராமத்தில் வீடு வீடாகப் போனார். பால் கொடுக்கும் பர்மியத் தாய்மாரிடம் கையேந்தினார். அவர்கள் இரங்கிப் பால் கொடுத்தார்கள்.

பதினேழு மாதச் சிறைவாசத்துக்குப் பிறகு சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். ஜட்சனை வெளியே எடுத்தார்கள். 1826 பிப்ரவரியில் முழு விடுதலை.

தலையணையும் கிடைத்தது! அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மவுங் இங் என்பவர், கைதிகள் போன பிறகு ஜெயில் பக்கம் போயிருந்தார். குருவின் ஞாபகமாக ஏதாவது இருக்கட்டும் என்று அந்தப் பஞ்சுச் சுருளை எடுத்து வீட்டில் வைத்திருந்தார். பல மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே காகிதம். ஓர் எழுத்தும் அழியவில்லை.

காட்டில் வெட்டிய குழி

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

விடுதலையாகி எட்டு மாதத்தில், 1826 அக்டோபர் 24-ந் தேதி, ஆன் அம்மையார் காய்ச்சலில் இறந்தார். வயது 36. கணவர் அப்போது ஆவாவில் இருந்தார். ஒப்பந்த வேலையாகப் போன ஆங்கிலத் தூதுக் கோஷ்டியோடு, மதச் சுதந்தரம் கிடைக்கும் என்று நம்பிப் போயிருந்தார். அது கிடைக்கவில்லை. கறுப்பு முத்திரை போட்ட கடிதம்தான் கிடைத்தது. குழந்தைதான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பிரித்தார். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் தாயின் பக்கத்தில் புதைக்கப்பட்டாள்.

ஜெயிலில் அசையாத மனிதர் இப்போது ஆடிப்போனார். பட்டங்களைத் துறந்தார். கையில் இருந்த பணத்தை மிஷனுக்குக் கொடுத்தார். புகழ்ந்து எழுதிய கடிதங்களை அழித்தார். மௌல்மீன் நகரை அடுத்து, புலி நடமாடும் காட்டில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். ஒரு குழியை வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து, தன் உடம்பு அதில் கிடந்து எப்படி அழியும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். கடவுள் உண்டு என்று நம்புகிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற கருத்தில் ஒரு கடிதம் எழுதினார்.

பக்திமான்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் சிலர் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். ஜட்சனோ அதை மறைக்கவில்லை. அந்த இருட்டிலும் ஒன்று மட்டும் நிற்கவில்லை. மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார். கடவுளின் முகம் தெரியாத நாட்களில் அவருடைய வார்த்தைகளுக்குச் சரியான பர்மியச் சொல் தேடிக்கொண்டிருந்தார். மெள்ள மெள்ளத் தெளிவு வந்தது.

1831-ல் ரங்கூன் கோவில் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில், கேட்டவர்களுக்கு மட்டும் என்று கொடுத்த துண்டுப் பிரசுரங்களே சுமார் பத்தாயிரம் ஆயின. சீன எல்லையில் இருந்தும் ஆட்கள் கேட்டு வந்தார்கள். மலைகளில் கரேன் ஜாதியார் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். 1834 ஜனவரி 31-ந் தேதி பைபிள் முழுவதும் பர்மிய மொழியில் முடிந்தது. கடைசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜட்சன் முழந்தாளிட்டார். ரங்கூனில் கால் வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிறகு அதையும் திருத்தி 1840-ல் மறுபடி அச்சிட்டார்.

கடைசிக் கப்பல்

1834-ல் மறைந்த மிஷனரி ஒருவரின் மனைவி சாராவை மணந்தார். 1845-ல் அவருக்கு உடம்பு மோசமாகவே, அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். நெப்போலியன் சிறை இருந்த செயின்ட் ஹெலினா தீவில் சாரா இறந்தார். 33 வருடம் கழித்துத் தாய்நாட்டில் கால் வைத்த ஜட்சனுக்குத் தொண்டை கெட்டிருந்தது. கூட்டங்களில் அவர் கிசுகிசுப்பதை இன்னொருவர் உரக்கச் சொன்னார். மறு வருடம் எமிலி என்ற எழுத்தாளரை மணந்து பர்மா திரும்பினார்.

பிறகு இரவும் பகலும் அகராதி வேலை. பர்மா வந்த நாளில் தனக்கு இல்லாமல் போன அகராதி, பின்னால் வருகிறவர்களுக்காவது இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இங்கிலீஷ்-பர்மியப் பகுதி முடிந்தது. மறு பகுதி பாதியில் நின்றபோது படுக்கையில் விழுந்தார். கடல் காற்று குணப்படுத்தும் என்று 1850 ஏப்ரலில் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் தூக்கி ஏற்றினார்கள். எமிலி நிறைமாதக் கர்ப்பிணி. கூடப் போக முடியவில்லை.

ஏப்ரல் 12-ந் தேதி ஜட்சன் இறந்தார். வயது 61. அன்றைக்கே உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். அவருக்குக் கல்லறை கிடையாது.

மௌல்மீனில் இருந்த எமிலிக்கு இது தெரியாது. பத்து நாள் கழித்து அவருக்குக் குழந்தை இறந்து பிறந்தது. துறைமுகத்தில் கப்பல் வரும்போதெல்லாம் கடிதம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு மாதம் கழித்துத்தான் செய்தி வந்தது.

பாதியில் நின்ற அகராதியை இன்னொரு மிஷனரி எடுத்துத் தொடர்ந்தார். 1852-ல் அது அச்சாகி வெளிவந்தது.